யவனப் பேரரசும் பொருநைக் கரையும்

ஸ்ரீபாகவதத்தில் இரண்டு இடங்கள் சேர்த்து நோக்கத் தக்கவை. இரண்டாம் ஸ்கந்தத்தில் ஸ்ரீசுகர், எம்பெருமானுடைய அடியாரைப் பற்றித் தூய்மை பெறும் இனத்தாரை எண்ணுமிடத்துக் கிராதர், ஹூணர், ஆந்த்ரர், புளிந்தர், ஆபீரர் முதலியோரோடு யவனரையும் சேர்த்து அருளிச்செய்கிறார். பதினோராம் ஸ்கந்தத்தில் கரபாஜனர் நிமிச் சக்ரவர்த்திக்குக் கலியுக தர்மத்தை உரைக்கையில், நாராயண பக்தர்கள் மிகுதியாகத் தோன்றும் நாடாகத் த்ராவிடத்தைக் காட்டி, அந்நாட்டு நதிகளுள் தாம்ரபர்ணியை முதலில் வைத்து ஓதுகிறார். ஓரிடத்தில் யவனர், மற்றோரிடத்தில் பொருநை. வெவ்வேறு சூழலில் வந்த இவ்விரண்டு பெயர்களும் வரலாற்றில் ஒரே காலத்தில், ஒரே சிலாசாஸனத்தில் அருகருகே நிற்கின்றன என்பது பலரும் கருதாத செய்தி. அவற்றை அருகில் கொண்டு வந்தது மக்கதோனிய வேந்தன் அலெக்ஸாந்தரின் பேரரசும், அது சிதறிய பின் எழுந்த அரசுகளுமே ஆகும்.

இப்பொருள் பற்றி இருவகைப் பிழைகள் நெடுநாளாக வழங்கி வருகின்றன. 19ஆம் நூற்றாண்டில் வேபர், லோரின்ஸர் முதலிய ஐரோப்பிய ஆராய்ச்சியாளர் சிலர், க்ருஷ்ண பக்தியிலும் கீதையிலும் கிறிஸ்தவத்தின் சாயல் உண்டு என்றும், மேற்றிசையிலிருந்து வந்த கருத்துகளே இங்கே பக்தியாக வளர்ந்தன என்றும் எழுதினர். மறுபுறம், நம்மவருள் ஆர்வ மிகுதியுடையோர், அலெக்ஸாந்தரின் யவனர் அனைவரும் கண்ணனை வழிபட்டனர், அவர்கள் கூறிய ஹெராக்ளீஸ் ஐயமின்றிக் கண்ணனே, பாண்டி நாடு அவன் திருமகளுக்கு அளித்த நாடே என்று முடிவு கட்டிவிடுகின்றனர். முன்னது ஆதாரங்களால் மறுக்கப்படுவது; பின்னது ஆதாரங்கள் தாங்கும் அளவைக் கடந்தது. இரண்டுக்கும் நடுவே மெய்யான வரலாறு உள்ளது. அதன் பெருமைக்குக் கூட்டிச் சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை.

மக்கதோனியத்தின் எழுச்சி

கிரேக்க நாட்டின் வடக்கே மலைசூழ்ந்த மக்கதோனியம், தெற்கிலுள்ள ஏதென்ஸ் முதலிய நகரத்தாரால் நாகரிகம் குறைந்த நாடாகவே கருதப்பட்டு வந்தது. அதனை வல்லரசாக்கியவன் இரண்டாம் பிலிப். பதினெட்டடி வரை நீண்ட ஈட்டிகளைத் தாங்கி நெருங்கி நிற்கும் காலாட்படையை அவன் பழக்கினான். கிரேக்க நகரங்களைத் தன் தலைமையின் கீழ்க் கொண்டுவந்தான். கி.மு. 336இல் அவன் கொலையுண்டபோது, கி.மு. 356இல் பிறந்த அவன் மகன் அலெக்ஸாந்தருக்கு வயது இருபது. அரிஸ்தோதலிடம் கல்வி பயின்ற இவ்விளைஞன், தந்தை திரட்டி வைத்த படையோடு கி.மு. 334இல் ஆசியாவுக்குள் புகுந்தான். கி.மு. 333இல் இஸ்ஸஸ் போரிலும், கி.மு. 331இல் கௌகமேலா போரிலும் பாரசீகப் பேரரசன் மூன்றாம் தாரியஸை வென்றான். இடையில் எகிப்தைக் கைப்பற்றி, நைல் நதி கடலொடு கலக்கும் பகுதியில் தன் பெயரால் அலெக்ஸாந்திரியா நகரை நிறுவினான். அந்நகரமே பிற்காலத்தில் பாண்டி நாட்டு முத்து மேற்றிசை செல்லும் வாயிலாயிற்று.

ஹிந்துகுஷ் மலையைக் கடந்து கி.மு. 327இல் பாரதத்தின் வடமேற்கு எல்லையை அடைந்தான். தக்ஷசீல மன்னன் அவனுக்குப் பணிந்தான். வேதத்தில் விதஸ்தா எனப்படும் ஜீலம் நதிக்கரையில் போரஸ் என்று யவனர் குறிக்கும் அரசன் எதிர்த்துப் போரிட்டுத் தோற்று, பின் தன் நாட்டையே திரும்பப் பெற்றான். வ்யாஸ நதிக்கரையில், வேதம் விபாசா என்னும் நதிக்கரையில், மேலும் கிழக்கே செல்ல அவன் படை மறுத்தது. கி.மு. 326இல் திரும்பியவன் சிந்து நதி வழியே கடலை அடைந்து, பாலை நிலங்கள் வழியாகப் பாபிலோன் சென்று, கி.மு. 323இல் முப்பத்துமூன்று வயது நிறைவதற்கு முன் மாண்டான்.

வ்யாஸ நதிக்கும் பொருநைக்கும் இடையே நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் தொலைவு. கங்கைச் சமவெளியில் அவன் காலடி படவில்லை. அவன் படையெடுப்பை அக்காலத்தையொட்டிய நம் நூல்கள் பொருட்படுத்தவுமில்லை. அவன் தோன்றுவதற்கு முன்பே பொருநைக் கரை செழித்திருந்தது. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876இல் ஜாகோர் என்னும் ஜெர்மானியரும், 1899 முதல் 1905 வரை அலெக்ஸாந்தர் ரீ என்னும் தொல்லியல் அதிகாரியும் அகழ்ந்தெடுத்த தாழிகளும், இரும்புக் கருவிகளும், பொற்பட்டங்களும், வெண்கலக் கலங்களும் இதற்குச் சான்று. கொற்கையில் 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு, கரிமக் கணிப்பின்படி கி.மு. 785ஐ ஒட்டியது. மக்கதோனியம் பெயரறியாச் சிறுநாடாக இருந்த நாளிலேயே பொருநை கடலோடு கலக்குமிடத்தில் மக்கள் வாழ்ந்திருந்தனர்.

பேரரசு மாய்ந்ததும் எஞ்சியதும்

அலெக்ஸாந்தர் மாண்டவுடன் அவன் தளபதிகள் பேரரசைப் பங்கிட்டுக்கொண்டு ஒருவரோடொருவர் பொருதனர். எகிப்து தாலமிக்கும், மக்கதோனியம் முடிவில் ஆந்திகோனஸ் வழியினருக்கும், பாபிலோன் முதல் சிந்து வரையிலான பெருநிலம் செலூக்கஸுக்கும் சென்றன. செலூக்கஸ் சிந்துவைக் கடந்து வந்தபோது அங்கே ஆண்டவன் சந்த்ரகுப்த மௌர்யன். கி.மு. 305ஐ ஒட்டித் தொடங்கிய பகை உடன்படிக்கையில் முடிந்தது. காந்தாரத்துக்கு மேற்கிலுள்ள நிலங்கள் மௌர்யனுக்கு வந்தன. செலூக்கஸ் 500 யானைகளைப் பெற்றான். இவ்வாறு அலெக்ஸாந்தர் வாளால் பெற்ற பாரத நிலம் இருபது ஆண்டுகளுக்குள் கைமாறிற்று.

ஆயினும் ஒன்று எஞ்சியது. அவனோடு வந்தவர்களும், அவனுக்குப் பின் வந்த தூதர்களும், கண்டவற்றையும் கேட்டவற்றையும் எழுதி வைத்தனர். அவர்களுள் இருவர் பொருநைக் கரைக்கு உரியவராகின்றனர். ஒருவர் அலெக்ஸாந்தரின் மரக்கலத்தைச் செலுத்திய மீகாமன் ஒனெஸிக்ரிதஸ். மற்றொருவர் செலூக்கஸின் தூதராகப் பாடலிபுத்திரத்தில் தங்கிய மெகஸ்தனீஸ். இருவர் நூல்களும் இன்று முழுமையாக இல்லை. ஸ்ட்ராபோ, ப்ளினி, ஆரியன் முதலிய பிற்காலத்தார் எடுத்தாண்ட பகுதிகளே கிடைக்கின்றன. ஆகவே அவற்றைக் கொள்ளும்போது, ஒருவர் கேட்டதை மற்றொருவர் எழுத, அதனை மூன்றாமவர் சுருக்கிய செய்தி என்ற எச்சரிக்கை வேண்டும்.

மீகாமன் கேட்ட பெயர்

ஒனெஸிக்ரிதஸ் 'தப்ரொபனே' என்னும் தீவைப் பற்றி எழுதியதாக ஸ்ட்ராபோ உரைக்கிறார். பெருநிலத்திலிருந்து இருபது நாள் கடற்பயணத் தொலைவில் உள்ளது என்றும், அங்கு செல்லும் கலங்கள் பாய்மரம் சரியமையாதவை என்றும் அவர் எழுதினார். அத்தீவு வேறோர் உலகம் என்று நெடுங்காலம் கருதப்பட்டதாகவும், அலெக்ஸாந்தர் காலத்திலேயே அது தீவென்று தெளிவாயிற்று என்றும் ப்ளினி கூறுகிறார். மெகஸ்தனீஸ் அத்தீவினை ஓர் ஆறு பிரிக்கிறது என்றும், பொன்னும் பெருமுத்தும் அங்கு மிகுதி என்றும் எழுதினார்.

தப்ரொபனே என்பது தாம்ரபர்ணி என்பதன் யவன உச்சரிப்பு. பாலி மொழியில் அது தம்பபண்ணி எனப்படும். இங்கு அது குறிப்பது இலங்கைத் தீவையே; பொருநை நதியை அன்று. தீவின் பெயர் நதிக்கு வந்ததா, நதியின் பெயர் தீவுக்குச் சென்றதா என்பதில் அறிஞர் கருத்து வேறுபடுவர். மஹாவம்சம், விஜயனோடு வந்தவர்களின் உள்ளங்கைகள் அந்நிலத்துச் செம்மண்ணால் சிவந்தமையால் அப்பெயர் வந்தது என்று காரணம் கூறும். இப்பெயர்க் காரணத்தை எவ்வாறு கொண்டாலும், மன்னார்க் கடலின் இருகரைகளிலும் ஒரே பெயர் வழங்கியது என்பது உறுதி. முத்துக் குளிக்கும் அக்கடலைக் கடந்து மக்கள் இடையறாது சென்று வந்தாலன்றி இது நேராது.

மற்றொன்றும் இதனால் விளங்கும். ஒனெஸிக்ரிதஸ் சிந்து கடலொடு கலக்குமிடத்துக்குத் தெற்கே வரவில்லை. இருபது நாள் என்று அவர் கூறிய தொலைவு, பாண்டி நாட்டுக் கரைக்கும் இலங்கைக்கும் இடையிலுள்ள குறுகிய கடலுக்குப் பொருந்தாது. தொலைவிலிருந்து வந்த கடலோடிகளின் வாய்மொழியாகவே அதைக் கொள்ள வேண்டும். ஆகவே கி.மு. 325ஐ ஒட்டி, சிந்துவின் முகத்துவாரத்தில் நின்ற யவனன் செவியிலும் விழுமளவு தாம்ரபர்ணி என்னும் பெயர் பரவியிருந்தது என்று கொள்ளலாம். அர்த்தசாஸ்த்ரம் முத்தின் வகைகளை எண்ணும்போது 'தாம்ரபர்ணிகம்' என்பதை முதலிலும், 'பாண்ட்யகவாடகம்' என்பதை அடுத்தும் வைக்கிறது. ரகுவின் திக்விஜயத்தில் காளிதாஸனும் தாம்ரபர்ணி கடலொடு கலக்குமிடத்து முத்தையே பாண்டியர் காணிக்கையாகப் பாடினான். வடமொழி நூல்களிலும் யவன நூல்களிலும் இந்நாட்டுக்கு முன்னறிமுகமாக நின்றது முத்தே.

மெகஸ்தனீஸ் கூறிய பாண்டையா

மெகஸ்தனீஸ் தம் நாட்டு வீரதெய்வமான ஹெராக்ளீஸின் பெயரால் ஒரு பாரத தெய்வத்தைக் குறிப்பிடுகிறார். ஆரியன் தரும் சுருக்கத்தின்படி, அத்தெய்வம் சூரசேனரால் சிறப்பாகப் போற்றப்படுவது. அச்சூரசேனருக்கு மெதோரா, க்ளைஸோபோரா என்னும் இரண்டு பெருநகரங்கள் உண்டு. அவர்கள் நாட்டில் கலம் செல்லத்தக்க ஆறு ஒன்று ஓடுகிறது. மெதோரா மதுரை (வடமதுரை) என்பதில் ஐயமில்லை. க்ளைஸோபோராவை க்ருஷ்ணபுரம் என்று பலர் கொள்வர். ஆற்றின் பெயர் யமுனையின் திரிபாகலாம். இவற்றால் அந்த ஹெராக்ளீஸ் வாஸுதேவனே என்பது பெரும்பாலோர் முடிவு. இந்திரன் என்றும், பலராமன் என்றும், சிவபிரான் என்றும் கொண்டவரும் உளர். அன்னிய தெய்வங்களைத் தம் தெய்வப் பெயராலேயே வழங்குவது யவனர் மரபு. ஆகவே பெயரை வைத்து முடிவு செய்ய இயலாது. இடத்தை வைத்தே முடிவு செய்தல் வேண்டும். இடம் வடமதுரை, ஆகவே கண்ணன் என்னும் கொள்கையே வலிமையுடையது.

அந்த ஹெராக்ளீஸுக்கு ஆண்மக்கள் பலர், மகள் ஒருத்தி, பெயர் பாண்டையா. அவள் ஆண்ட நாடும் அப்பெயரே பெற்றது. தந்தை அவளுக்கு 500 யானைகளையும், 4,000 குதிரைகளையும், 1,30,000 காலாட்களையும் அளித்தான். அவளை அணி செய்யும் பொருட்டே கடலில் முத்தைக் கண்டெடுத்துத் திரட்டினான். இவ்வாறு ஆரியன் எழுதுகிறார். அந்நாடு தெற்கே கடல் வரை பரந்தது என்றும், அதில் 365 ஊர்கள் இருந்தன என்றும், நாள்தோறும் ஓரூர் முறைவைத்து அரசிறை செலுத்திற்று என்றும் பொலியேனஸ் என்னும் பிற்காலத்தார் தெரிவிக்கிறார்.

இச்செய்தியில் கண்ணன், பாண்டி நாடு, முத்து என்னும் மூன்றும் ஒருங்கே வருவது கண்டு மகிழாத வைஷ்ணவர் இலர். ஆனால் இதே பகுதியில், தந்தை தன் மகளையே மணந்தான் என்ற தகாத கூற்றும் உள்ளது. அதனை எழுதிய ஆரியனே நம்பத்தகாதென ஐயுறுகிறார். இனிய பாதியை எடுத்துக்கொண்டு இன்னாத பாதியை மறைப்பது ஆராய்ச்சி நெறியன்று. பாண்டையாவின் கதை முழுவதையும் வரலாறாகக் கொள்ள இயலாது. பாடலிபுத்திரத்தில் இருந்த தூதர் பலர் வாயிலாகக் கேட்டவற்றைத் தம் நாட்டுப் புராணப் போக்கில் இணைத்துச் சொன்னார் என்று கொள்வதே நேர்மை.

எனினும் கதையினுள் வரலாறு பொதிந்திருக்கிறது. வடநாட்டார், பாண்டி நாட்டின் பெயரை வடமதுரையோடும் அதன் தெய்வத்தோடும் தொடர்புபடுத்திப் பேசினர் என்பது அதனால் தெளிவாகும். அக்காலத்தை ஒட்டிய காத்யாயனர் தம் வார்த்திகத்தில் பாண்ட்ய சப்தத்தைப் பாண்டு என்பதிலிருந்தே கொண்டார். தென்மதுரையின் பெயரும் வடமதுரையை நினைப்பிப்பது. நாள்முறை இறை பற்றிய செய்தியும் தமிழ் வழக்கொடு ஒவ்வாததன்று. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவை, அரண்மனைக்கு நெய்யளக்கும் முறை அன்று தமதாயிருந்த இடையர் சேரியிலேயே தொடங்குகிறது. அச்சேரியினர் தீக்குறி கண்டு அஞ்சியபோது ஆடியது மாயவனைப் போற்றும் குரவை. யவனத் தூதர் எழுதியதற்குச் சில நூற்றாண்டுகள் பின்னர்த் தோன்றிய அத்தமிழ்க் காப்பியத்தில் முறைவைத்து இறுக்கும் இறையும் கண்ணன் வழிபாடும் பாண்டியர் தலைநகரில் ஒருங்கே காணப்படுகின்றன. இது நிரூபணம் அன்று. ஆயினும் தூதர் கேட்டது முற்றும் கற்பனை அன்று என்பதற்குத் துணையாகும்.

அசோகன் கல்லில் இரு பெயர்கள்

யவனர் எழுத்தை விட்டு நம் நாட்டுக் கல்லுக்கு வருவோம். அசோகனின் இரண்டாம் பாறைச் சாஸனம், மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவம் செய்வித்த நாடுகளைக் கூறுகையில் சோழர், பாண்டியர், ஸத்யபுத்ரர், கேரளபுத்ரர், தம்பபண்ணி என்று தெற்கையும், அந்தியோகன் என்னும் யவன அரசனையும் அவன் அண்டை அரசர்களையும் சேர்த்துச் சொல்கிறது. பதின்மூன்றாம் சாஸனமோ அவ்வரசர்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: அந்தியோகன், அவனுக்கு அப்பால் துரமாயன், அந்திகினி, மகன், அலிகஸுதரன். இவர்கள் முறையே செலூக்கஸ் வழிவந்த இரண்டாம் ஆந்தியோகஸ், எகிப்தின் இரண்டாம் தாலமி, மக்கதோனியத்து ஆந்திகோனஸ், ஸைரீன் நாட்டு மகஸ், எபிரஸ் அல்லது கொரிந்து நாட்டு அலெக்ஸாந்தர் ஆவர். அடுத்த வரிசையிலேயே தெற்கில் சோழ பாண்டியர் முதல் தம்பபண்ணி வரை என்று சாஸனம் தொடர்கிறது.

அலெக்ஸாந்தர் என்னும் பெயர் பாரத நாட்டுக் கல்லில் இவ்வாறு தோன்றுகிறது. ஆனால் தோன்றுவது படையெடுத்து வந்த வேந்தனுக்காக அன்று. அவன் பெயரைத் தாங்கிய பின்னோன் ஒருவனுக்காக. அதுவும் தர்ம விஜயம் சென்றடைந்த நாடுகளின் வரிசையில். உலகை வாளால் வென்றவனுடைய பெயரும், வாள் சென்றடையாத பாண்டியர் தம்பபண்ணிகளின் பெயரும், கலிங்கப் போரின் கொலைக்கு வருந்திய மன்னனின் சாஸனத்தில் அடுத்தடுத்து நிற்பது வரலாறு தானே வகுத்த ஒழுங்கு. 1958இல் கந்தஹாரில் கண்டெடுக்கப்பட்ட அசோகனின் சாஸனம் யவன மொழியிலும் அரமேய மொழியிலும் அமைந்தது. அலெக்ஸாந்தர் குடியேற்றிய யவனரின் வழியினருக்கு, பாரத மன்னன் அவர்கள் மொழியிலேயே தர்மம் உரைத்தான் என்பது அதனால் விளங்கும்.

கொற்கையும் அலெக்ஸாந்திரியாவும்

யவன அரசுகள் ரோமருக்கு வீழ்ந்த பின்னும் அலெக்ஸாந்திரியா வாணிகத் தலைநகராகவே நின்றது. செங்கடல் துறைகளிலிருந்து பருவக்காற்றைத் துணைக்கொண்டு மேலைக்கரைக்கு வந்த கலங்களில் யவன மொழி பேசுவோரே மிகுதி. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு வணிகர் எழுதிய 'எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்' என்னும் வழிநூல் 'கொல்கோய்' என்று கொற்கையைக் குறித்து, அங்குள்ள முத்துக்குளிப்பு பாண்டியருக்கு உரியது என்றும், தண்டனை பெற்றவர்களைக் கொண்டு அது நடத்தப்பட்டது என்றும் கூறுகிறது. அடுத்த நூற்றாண்டில் அலெக்ஸாந்திரியாவிலிருந்து எழுதிய தாலமி என்னும் பூகோள அறிஞரும் கொற்கையை வணிகத் துறையாகக் குறித்தார். ரோமப் பேரரசன் அகஸ்டஸுக்குப் பாண்டிய மன்னன் காணிக்கைகள் அனுப்பியதாக ஒரு சாரார் கூறுவர் என்பதை ஸ்ட்ராபோவும் குறிப்பிடுகிறார். யவனர் கொண்டுவந்த நறுந்தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகியது புறநானூற்றில் இடம்பெற்ற செய்தி.

1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்றில் கால்டுவெல் இக்கொற்கைச் செய்திகளை விரிவாக ஆராய்ந்தார். கடல் பின்வாங்கியதாலும், பொருநை கொண்டுவந்த வண்டலாலும், இன்று கொற்கை கடற்கரையிலிருந்து சில கல் தொலைவு உள்நாட்டு ஊராகிவிட்டது. துறை போயிற்று, பெயர் நின்றது.

அலெக்ஸாந்தர் நிறுவிய நகரம் வாணிகத்தால் பாண்டி நாட்டோடு இணைந்தது உண்மை. ஆனால் வந்தவர் முத்தும் மிளகும் வாங்க வந்தவர். பொன்னும் தேறலும் கொடுத்துச் சென்றவர். பக்தி நெறியை அவர்கள் இங்கே கொண்டுவந்தனர் என்பதற்கு ஒரு சான்றும் இல்லை. அதற்கு மாறான சான்று வடக்கே விதிசையில் நிற்கிறது.

விதிசைக் கருடத்வஜம்

மத்தியப் பிரதேசத்தில் விதிசைக்கு அருகே பேஸ்நகரில் கற்றூண் ஒன்று உள்ளது. 1877இல் கன்னிங்ஹாம் அதனைக் கண்டார். ஆனால் வழிபடுவோர் பூசிய செந்தூரத்தின் அடர்த்தியால் எழுத்துகள் அவர் கண்ணுக்குப் புலப்படவில்லை. 1909இல் அப்பூச்சு அகற்றப்பட்டபோது ப்ராஹ்மி எழுத்தில் ப்ராக்ருத மொழிச் சாஸனம் வெளிப்பட்டது. அதன் பொருள் இது: தேவதேவனான வாஸுதேவனுக்கு உரிய இக்கருடத்வஜம், தியன் மகனும், தக்ஷசீலத்தவனும், மஹாராஜன் அந்தலிகிதனிடமிருந்து காசீபுத்ர பாகபத்ரன் அவைக்கு வந்த யவனத் தூதனும், பாகவதனுமான ஹெலியோதோரனால் நிறுவப்பட்டது. அதன்கீழுள்ள மற்றொரு சாஸனம், தமம், த்யாகம், அப்ரமாதம் என்னும் மூன்றும் நன்கு பயிலப்பெற்றால் ஸ்வர்க்கத்துக்கு இட்டுச்செல்லும் என்கிறது. மஹாபாரதம் போற்றும் மூன்று குணங்களே இவை. அந்தலிகிதன் என்பவன் ஆந்தியால்கிதஸ் என்னும் யவன அரசன். காலம் கி.மு. 2ஆம் நூற்றாண்டின் இறுதி.

அலெக்ஸாந்தருக்குப் பின் பாக்த்ரியாவில் வேரூன்றிய யவனர் ஹிந்துகுஷைக் கடந்து பஞ்சநதத்தில் ஆண்டனர். அவர்களுள் அகாதோக்ளீஸ் என்பவன் வெளியிட்ட வெள்ளி நாணயங்கள் 1970இல் ஆஃப்கானிஸ்தானத்து ஐ-கானும் நகர அகழ்வில் கிடைத்தன. ஒருபுறம் சக்ரம் தாங்கிய வாஸுதேவன். மறுபுறம் கலப்பை தாங்கிய ஸங்கர்ஷணன். யவன எழுத்தும் ப்ராஹ்மியும் உடன் உள. அவற்றின் காலம் கி.மு. 180ஐ ஒட்டியது. இவை அரசன் குடிகளின் தெய்வத்தை மதித்ததைக் காட்டும். அவன் அடியானானான் என்பதைக் காட்டா. ஹெலியோதோரனோ தன்னைத் தானே பாகவதன் என்று கல்லில் பொறித்துக்கொண்டான். அதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

இவ்வழிபாடு யவனர் வருகையால் தோன்றியதும் அன்று. அலெக்ஸாந்தருக்கு முற்பட்டவராகப் பலரும் கொள்ளும் பாணினி, காந்தாரத்தைச் சார்ந்த சலாதுரத்தவர். வாஸுதேவனைப் பக்தி செய்பவனைக் குறிக்கும் சொல்லுக்குத் தனிச் சூத்ரமே அமைத்தார். யவனர் ஸாகேதத்தை முற்றுகையிட்டதை உதாரணமாகக் காட்டும் பதஞ்ஜலி, அங்குள்ள வாஸுதேவ சப்தம் க்ஷத்ரியன் ஒருவனுடைய பெயர் மாத்திரம் அன்று, பகவானுடைய திருநாமம் என்று தெளிவுபடுத்தினார். கோஸுண்டிச் சாஸனம் ஸங்கர்ஷண வாஸுதேவர்க்கு எடுத்த மதிலைக் கூறுகிறது. இவையெல்லாம் கிறிஸ்துவுக்கு முற்பட்டவை. 1913இல் வெளிவந்த தம் நூலில் ரா.கோ. பண்டார்கர் இவற்றை நிரல்பட வைத்து, வேபர் வகுத்த கொள்கைக்கு அடிப்படையில்லாது செய்தார். பக்தி மேற்கிலிருந்து வந்தது என்பார்க்கு, மேற்கிலிருந்து வந்தவனே பக்தியைக் கைக்கொண்டான் என்பதே விதிசைத் தூண் தரும் விடை.

அதே அளவில், யவனர் யாவரும் பாகவதரானார் என்பாருக்கும் அத்தூணே விடையாகும். அவர்களுள் பௌத்தம் தழுவினோர் உண்டு. தம் தெய்வங்களையே வழிபட்டோர் மிகப் பலர். தூண் கூறுவது ஒருவனைப் பற்றியே. அவ்வொருவனுக்கு உரிய பெருமையைக் கூட்டத்துக்குப் பகிர்ந்தளித்தால், அவன் தானே தெளிந்து கொண்ட அடிமைத்தன்மை மறைந்துபோம்.

ஆசார்யர்கள் வகுத்த அளவை

அழகியமணவாளப் பெருமாள் நாயனார் ஆசார்ய ஹ்ருதயத்தில் அடியார்க்குப் பிறப்பை ஆராயலாகாது என்பதை நிலைநாட்டுகையில், மிலேச்சனாயினும் பக்தனாகில் நான்மறையோரும் அவனை அநுவர்த்திக்கத் தகும் என்னும் ப்ரமாணத்தைத் தலைக்கட்டாகக் காட்டுகிறார். அதற்கு உரை வகுத்த மணவாள மாமுனிகள் 1370இல் ஆழ்வார்திருநகரியில், பொருநைக் கரையிலேயே அவதரித்தவர். இப்ரமாணம் வெறும் உயர்வு நவிற்சி என்று நினைப்பாரும் உளர்; மிலேச்சன் எங்கே, பாகவதத்வம் எங்கே என்று வினவுவாரும் உளர். நாயனாரும் மாமுனிகளும் விதிசைத் தூணை அறியார். அவர்கள் காலத்தில் அது செந்தூரத்தின் கீழ் மறைந்து கிடந்தது. ஆயினும் அவர்கள் சாஸ்த்ரத்தால் கண்ட பொருளுக்கு, அவர்களுக்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட கல் ஸாக்ஷியாக இருந்தது.

அப்பொருளைப் பொருநைக் கரை வேறொரு வகையிலும் அநுஷ்டித்துக் காட்டியது. திருக்கோளூரில் அந்தணர் குலத்தில் தோன்றி வயது முதிர்ந்த மதுரகவியாழ்வார், வடநாட்டு யாத்திரையில் தெற்கே ஒரு பேரொளியைக் கண்டு நடந்துவந்து, திருக்குருகூரில் வேளாளர் குலத்துதித்த இளைஞரான நம்மாழ்வாரையே தமக்குத் தேவுமாகப் பற்றினார் என்பது குருபரம்பரை. பிறப்பையும் வயதையும் அளவையாக்காத அந்நெறியே நவதிருப்பதிகள் விளங்கும் இப்பள்ளத்தாக்கின் தனிச்செல்வம். ஸ்ரீபாகவதம் யவனரை ஓரிடத்திலும் தாம்ரபர்ணியை மற்றோரிடத்திலும் கூறியதன் தாத்பர்யம் இதனோடு இயைந்து நிற்கிறது.

அலெக்ஸாந்தரின் பேரரசு பதின்மூன்று ஆண்டுகளில் எழுந்தது; அவன் மூச்சோடு சிதறியது. வ்யாஸ நதிக்கரையில் அவன் நாட்டியதாகக் கூறப்படும் பன்னிரண்டு பலிபீடங்களின் இருப்பிடம் இன்று ஒருவரும் அறியார். அவனுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின், அவன் வழி வந்த யவனருள் ஒரு தூதன் வாஸுதேவனுக்கு எடுத்த கருடக்கொடித் தூணோ நின்ற இடத்திலேயே நிற்கிறது. வென்ற நிலத்தை அளந்து நாட்டிய எல்லைக்கல் மறைந்தது. உலகளந்தானுக்கு அடிமை என்று ஒருவன் எழுதிவைத்த கல் நிலைத்தது.